ஆறாம் எண் அறையில் அழுகிறவள்

பெரில் டங்க்லிக்குப் பேய்கள்மேல் எந்தக் கோபமும் கிடையாது. பேய் என்ன ஈரத் துண்டைத் தரையில் போடுகிறதா, மெத்தை விரிப்பில் மெழுகு சிந்துகிறதா? பேய் பார்க்க வருகிறார்களே, அந்த ஜனங்கள்தான் அவள் உயிரை எடுத்தார்கள். ஆல்டர்ஃபோர்டில் இருக்கும் 'கொக்கும் கோடரியும்' விடுதி நானூறு வருஷத்துப் பழசு. அதில் அறை பெருக்கி, படுக்கை விரித்து நாற்பத்திரண்டு வருஷம் ஓட்டியாயிற்று. முன்னெல்லாம் ஆட்டு வியாபாரிகள் வருவார்கள், கல்யாண வீட்டார் வருவார்கள். இப்போது பையில் கருவியோடு பேய் பிடிக்க வருகிறார்கள்.

ஆவி வாசலைத் தாண்டக்கூடாதாம், கம்பளத்தில் கிலோக் கணக்கில் உப்பைக் கொட்டுவார்கள். அதை உறிஞ்சி உறிஞ்சி வாக்குவம் கிளீனர் மூன்று தடவை செத்துப்போயிற்று. காலடி பதிகிறதா என்று பார்க்க முகத்துக்குப் போடும் பவுடரைத் தரையெல்லாம் தூவி வைப்பார்கள். காலையில் பதிவது பெரிலின் காலடிதான். அதையும் போட்டோ எடுத்து, ஆவிக்குக் கால் அகலம் என்று சொல்லிவிட்டுப் போன குடும்பம் உண்டு. அதோடு விட்டார்களா? மாடிப்படியில் அவளைக் கண்டால் போதும், "நீங்க எதையாச்சும் பாத்திருக்கீங்களா?" என்று வழி மறிப்பார்கள்.

"பாத்திருக்கேனே. நேத்து வந்து குளியல் தொட்டியக் கழுவிக் குடுத்துட்டுப் போச்சு" என்பாள். அதையும் சிலர் குறித்துக்கொள்வார்கள், தலையெழுத்து.

இதற்கெல்லாம் எண்ணெய் ஊற்றியது வேறு யாருமில்லை, அவள் கட்டிக்கொண்ட மனுஷன்தான். ஸ்டான் அதே விடுதியில் நிலவறைக்காரன். பீப்பாய் மாற்றுவது, குழாய் கழுவுவது அவன் வேலை. மிச்ச நேரமெல்லாம் பாரில் உட்கார்ந்து கதை. புகைக்கூண்டில் ஒளிந்து வெந்து செத்த பட்டாளத்துக்காரன், லாயத்தில் தூக்கு மாட்டிக்கொண்ட குதிரைக்காரன், தலையில்லாமல் குரைக்கும் நாய் என்று மொத்தம் ஆறு ஆவிகள். தலையில்லாத நாய் எதைக்கொண்டு குரைக்கும் என்று இந்த ஊரில் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. யாராவது ஒரு பைன்ட் பீர் வாங்கிக் கொடுத்தால் போதும், ஸ்டான் ஒரே ஆவியை அரைமணி நேரம் இழுப்பான். வீட்டில் அவன் பேசியதை எண்ணினால் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை தேறாது.

ஆறில் அதிகம் விலைபோவது கடைசி ஆவி. ஆறாம் எண் அறைக்குப் பக்கத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு அழுகிற பெண். வருஷத்துக்கு வருஷம் அவளுக்குக் கைகால் முளைத்தது. முதலில் வெறும் அழுகுரல். பிறகு கன்னியாஸ்திரீ ஆனாள். பிறகு போருக்குப் போனவனுக்காகக் காத்திருந்தவள் ஆனாள், சாம்பல் நிறக் கவுன் போட்டுக்கொண்டாள்.

கவுனும் இல்லை, கன்னியாஸ்திரீயும் இல்லை. அது பெரில்.

எழுபத்து நாலு பிப்ரவரியில் அவள் பிரசவத்துக்குப் போய், பிள்ளை இல்லாமல் திரும்பி வந்தாள். உள்ளேயே இறந்துவிட்டது என்றார்கள். துணியில் சுற்றி எடுத்துப் போனார்கள், அவள் கையில் தரவில்லை. எங்கே புதைத்தார்கள் என்றும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் அதுதான் நல்லது என்று டாக்டர்கள் நினைத்தார்கள். பேசாதீர்கள், மறந்துவிடும் என்று அனுப்பினார்கள். ஸ்டான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். ஒன்பதாம் நாள் அவள் வேலைக்கு வந்தாள். பிற்பகல் வேலை ஓய்ந்ததும் மாடியில் ஆறாம் எண்ணுக்கு அடுத்த துணி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, அடுக்கி வைத்த தலையணை உறையில் முகத்தைப் புதைத்து அழுவாள். அந்த வசந்தம் முழுக்க அழுதாள். அதற்குள் பேய் என்று கிளம்பிவிட்டது. மூன்று மணிக்கு ஒரு ஜீவனும் மாடிப் பக்கம் வரவில்லை. அதுவும் ஒரு வசதிதான் என்று அவள் வாயைத் திறக்கவில்லை. பிறகு அழுகை நின்றது, கதை நிற்கவில்லை. தொலைகிறது, கன்னியாஸ்திரீதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று முப்பத்தொன்பது வருஷம் பொறுத்துக்கொண்டாள்.

அந்தப் பொறுமைக்கும் முடிவாக ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. துவைத்த விரிப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்தவள், சுவரில் பெரிய பலகை ஒன்று ஏறியிருப்பதைப் பார்த்தாள். ஏணிமேல் நின்று பெயின்டர் எழுதிக்கொண்டிருந்தார். ஆறு ஆவிகளின் சரித்திரம். நான்கு முடிந்து ஐந்தாவதாக நாய் நடந்துகொண்டிருந்தது. ஆறாவது பென்சிலில் மட்டும் எழுதியிருந்தது. 'தன் பச்சைக் குழந்தையைத் தலையணையால் அமுக்கிக் கொன்ற பாவி. மனசாட்சி உறுத்தி இன்றும் அழுகிறாள்.'

பெரில் இரண்டு தரம் படித்தாள். விரிப்புகளை ஈரத் தரையிலேயே வைத்துவிட்டு நேரே முதலாளியிடம் போனாள். ஜூலியன் லண்டனிலிருந்து வந்து விடுதியை எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. கெட்டவன் இல்லை, ஆனால் காதில் எதுவும் ஏறாது.

"அந்தத் தலையணை விஷயத்த யாரு சொன்னது?" என்றாள்.

"ட்ரேசி. பேய் ஆராய்ச்சிக்கு வந்திருக்காங்களே, அவங்க. நேத்து ஆறாம் நம்பர்ல நின்னதும் அவங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு. ஒரு குழந்தை, ஒரு தலையணை. உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சுன்னாங்க."

"சிலிர்க்கும். ஜன்னல் ரெண்டு வருஷமா சரியா மூட மாட்டேங்குது, நானும் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. அந்த வரிய அழிக்கச் சொல்லுங்க."

"ஏன் பெரில்? சும்மா அழுதாள்னா யாரு வருவாங்க? அழறதுக்கு ஒரு காரணம் வேணும்ல."

"வேற காரணம் போட்டுக்குங்க. அந்தப் பொம்பளை கொலைகாரி இல்ல."

ஜூலியன் சிரித்தான். "செத்து முந்நூறு வருஷம் ஆச்சு. அவளுக்கு யாரு வரப்போறாங்க பரிஞ்சு பேச? அதோட, ட்ரேசி சொன்னப்ப உங்க வீட்டுக்காரரும் பார்லதான் இருந்தாரு. அவரைவிட இந்தக் கதை தெரிஞ்சவங்க யாரு? அவரே ஒண்ணும் சொல்லல."

நான்தான் அது என்று சொல்ல வாய் வந்தது. வந்த வாய் அப்படியே நின்றது. இத்தனை வருஷம் சொல்லாததை இந்த ஆளிடமா முதலில் சொல்வது? அவள் திரும்பி நிலவறைக்கு இறங்கினாள். வெளியே பெயின்டர் நாயை முடித்துக்கொண்டிருப்பார் என்ற நினைப்பு அவளைப் பிடித்துத் தள்ளியது.

ஸ்டான் குனிந்து குழாயைப் பீப்பாயில் பொருத்திக்கொண்டிருந்தான்.

"நேத்து அந்த ட்ரேசி குழந்தையக் கொன்னவள்னு சொன்னப்ப நீ அங்க இருந்தியா?"

"இருந்தேன்."

"கேட்டுட்டுச் சும்மாவா இருந்தே?"

"அவங்க ஒரு பைன்ட் வாங்கித் தந்திருந்தாங்க" என்றான் ஸ்டான், குழாயிடம்.

"ஐயோ, இந்த மனுஷனோட நான் என்ன பண்ணுவேன். இங்க பாரு ஸ்டான், என் மூஞ்சியப் பாரு. மேல அழுதுச்சே ஒரு பேயி, அது யாருன்னு உனக்குத் தெரியுமா?"

போட்டு உடைத்துவிட வேண்டும் என்றுதான் கேட்டாள். அவன் நிமிர்ந்தான். கையை அழுக்குத் துணியில் துடைத்தான்.

"தெரியும்" என்றான்.

"எப்பலேர்ந்து?"

"மொத நாள்லேர்ந்து. ஸ்டவ் விக்க வந்தவன் ஒருத்தன் ஆறாம் நம்பர்ல தங்கியிருந்தான். கீழ வந்து, மேல யாரோ அழறாங்க, போய்ப் பாக்கறேன்னு கெளம்பினான். என்ன சொல்லி நிறுத்த? அது பேய், காலங்காலமா அழுவுதுன்னு சொன்னேன். அவன் போகல. அப்பறம் யாருமே போகல. உன்ன யாரும் தொந்தரவு பண்ணாம இருக்கட்டுமேன்னுதான்."

"அப்ப அந்தக் கன்னியாஸ்திரீ?"

"கேட்டுக்கிட்டே இருந்தாங்க பெரில். ஏதாச்சும் சொல்ல வேண்டியிருந்துச்சு."

"நேத்து ஏன் சொல்லல?"

"சொன்னா, எனக்குத் தெரியும்கறது உனக்குத் தெரிஞ்சிடும்."

அவளுக்குச் சிரிப்பதா, பீப்பாய் தட்டும் மரச் சுத்தியலை எடுத்து அவன் தலையில் போடுவதா என்று தெரியவில்லை. முப்பத்தொன்பது வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்டிருக்கிறார்கள். இது அவன் வாய்க்குள்ளேயே இருந்திருக்கிறது.

"நானூறு வருஷத்துக்குக் கதை கட்டத் தெரிஞ்சுது உனக்கு. பதினாலு படி ஏறி வரத் தெரியலையா?"

"டீ வெச்சேன்" என்றான். "தெனம் படிக்கட்டு அடியில வெச்சேன்."

அந்த டீ அவளுக்கு நினைவு இருந்தது. சமையல்காரி வைத்தாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"ஆறிப் போயிருந்துச்சு" என்றாள்.

"ஆறித்தான் போயிருக்கும்."

"ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, கதவைத் தட்டியிருக்கலாம். நானும் உன்னையே நெனச்சு நெனச்சு, இந்த ஆளுக்கு ஒண்ணுமே இல்ல போல, கல்லுன்னு..." கண்ணை முன்கையால் துடைத்தாள். துடைத்ததிலும் எரிச்சல் வந்தது. "சரி, போதும். மேல அந்தப் பெயின்டர் என்னைக் கொலைகாரின்னு எழுதிக்கிட்டிருக்கான். நான் போய்ச் சொல்றேன். நீ உன் பீப்பாயைக் கட்டிக்கிட்டு இரு."

படியேறியவள் பின்னால் காலடி கேட்டது. முற்றத்துக்கு வருவதற்குள் ஸ்டான் அவளைத் தாண்டிப் போயிருந்தான். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவன் வேகமாக நடந்து அவள் பார்த்ததே இல்லை.

ஏணியடியில் ஜூலியன் நின்றான். பக்கத்தில் கழுத்தில் கருவி தொங்க ட்ரேசி. மேலே பெயின்ட் 'தன் பச்சைக்' வரை ஏறியிருந்தது.

"எறங்குப்பா" என்றான் ஸ்டான் பெயின்டரிடம். அப்புறம் மற்றவர்களைப் பார்த்தான். அரைமணி நேரம் இழுக்கிற ஆள், மூச்சு வாங்க, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, கோர்வையே இல்லாமல் சொன்னான். "ஆறாம் நம்பர்ல பேய் கெடையாது. எப்பவும் கெடையாது. எங்களுக்கு ஒரு பிள்ள பொறந்துச்சு, உசுரு இல்ல. எழுபத்து நாலுல. அவ மாடியில உக்காந்து அழுதா. நான் பேய்னு சொல்லிட்டேன். அவ யாரையும் கொல்லல. அத அழிச்சிடுங்க."

பெயின்டர்தான் முதலில் அசைந்தார். பையிலிருந்து கந்தலை எடுத்து டர்பென்டைனில் நனைத்துக்கொண்டு மறுபடி ஏணியில் ஏறினார். ஜூலியன் காது வரை சிவந்து, மன்னிச்சுக்குங்க பெரில், மன்னிச்சுக்குங்க என்று இரண்டு தரம் சொன்னான்.

ட்ரேசி கருவியைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் வைத்தாள். அவளும் இரண்டு பிள்ளை பெற்றவள்தான். ஸ்டானைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"பையனா, பொண்ணா?"

ஸ்டானிடம் யாரும் சொல்லவில்லை, அவனும் யாரையும் கேட்கவில்லை. தொப்பியைத் திருகிக்கொண்டு மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தான்.

அடப்பாவி மனுஷா, இதுகூடவா தெரியாது என்று பெரிலுக்கு நெஞ்சு கொதித்தது. அவள் மட்டும் என்றைக்காவது சொல்லியிருந்தாளா?

"பொண்ணு" என்றாள்.

ஸ்டான் அங்கே கிடந்த காலி பீர்ப்பெட்டிமேல் உட்கார்ந்தான். "பொண்ணா" என்றான்.

"ஆமா. தலை நெறைய கறுப்பு முடின்னு நர்ஸ் சொன்னா."