கியர் லீவரில் ஒரு பிரேக் லைட் சுவிட்ச்

1. டெம்போவில் வந்த வண்டி

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் காலை, தக்காளி ஏற்றிய டெம்போவில் மோட்டார் சைக்கிளையும் போட்டுக்கொண்டு பாலக்கோட்டிலிருந்து சரோஜா வந்து இறங்கினாள். தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த என் கடைவரை தானே அதைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நான் ஆட்டோ எலக்ட்ரீஷியன். லாரி, டிராக்டர், பைக் எதுவானாலும் ஒயரிங், டைனமோ, ஹாரன் பார்ப்பேன்.

வண்டி அவள் வீட்டுக்காரன் முனிராஜுடையது. டூ ஸ்ட்ரோக், நல்ல இழுவை. முனிராஜ் தக்காளி போடுகிற விவசாயி. கோடையில் ஏரிகள் காய்ந்ததும் சுற்று வட்டாரத்தில் மண் ரேஸ் நடக்கும். ஒன்றையும் விடமாட்டான். முந்தின வருஷம் டிராக்டருக்கு ட்ரெய்லர் மாட்டும்போது இடது கை கொக்கியில் மாட்டி, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. அதாவது கிளட்ச் பிடிக்கிற விரல்கள். மிச்ச இரண்டு விரலால் எப்போதாவது ஒரு தடவை கிளட்ச் பிடிக்கலாம். ரேஸில் வளைவுக்கு வளைவு பிடிக்க முடியுமா?

“வண்டிய வித்துடச் சொல்லிட்டாருங்க பாய். ரெண்டு பேரு வந்து பாத்துட்டும் போயிட்டாங்க. நீங்க எதாச்சும் பண்ணுங்க. அந்த மனுசன் வூட்டுல மொடங்கிக் கெடக்கறத என்னால பாக்க முடியல” என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. நான் என்ன, விரல் விற்கிற கடையா வைத்திருக்கிறேன்? அப்படியே கேட்டும் விட்டேன். என் வாய் அந்தக் காலத்தில் அப்படித்தான். அவளோ ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மத்தியானம்வரை நகரவில்லை. அந்தப் பிடிவாதத்துக்காகத்தான் யோசிக்கவே ஆரம்பித்தேன்.

2. ஒரு நொடிக்கும் குறைவாக

ஓடுகிற வண்டியில் கிளட்ச் எதற்கு? இன்ஜின் இழுத்துக்கொண்டிருக்கும்போது பல் சக்கரங்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கும். அந்தப் பிடி தளர்ந்தால்தான் அடுத்த கியர் விழும். கிளட்ச் அதைத் தளர்த்துகிறது. கண் இமைக்கிற நேரம் இன்ஜினுக்குக் கரண்ட்டை நிறுத்தினாலும் பிடி தளரும். அந்த நேரத்தில் காலால் லீவரைத் தட்டினால் கியர் விழுந்துவிடும்.

கரண்ட்டை நிறுத்துவது என் தொழில். பிளக்குக்குப் பொறி கொடுக்கிற பாயிண்ட் ஒயரை வண்டி பாடியோடு சேர்த்து எர்த் பண்ணினால் இன்ஜின் அணையும், விட்டால் மறுபடி பிடித்துக்கொள்ளும். பழைய பிரேக் லைட் சுவிட்ச் ஒன்றைக் கழுவி, பிரேக் பெடலுக்குப் பதிலாக கியர் லீவரில் மாட்டினேன். கால் லீவரைத் தட்டும்போது சுவிட்ச் இழுபடும், கரண்ட் ஒரு கணம் போகும், கியர் மாறும். இன்றைக்கு கம்பெனிக்காரனே க்விக் ஷிஃப்டர் என்று பெயர் வைத்து வண்டியோடு தருகிறான். எனக்கு அன்றைக்கு அதற்குப் பெயரும் தெரியாது.

3. சோறு தின்னும்போதும் ஆடுகிற கால்

மறு வாரம் முனிராஜையே வரவழைத்து காரிமங்கலம் பக்கம் காய்ந்த ஏரிக்குப் போனோம். வண்டி கொஞ்ச தூரம் போகும், நின்றுவிடும். பிளக் மாற்றினேன், கண்டென்சர் மாற்றினேன், காயிலையும் மாற்றினேன். மறுபடி நின்றது. முனிராஜ் வண்டியைக் கீழே சாய்த்துவிட்டு, “வுடுங்க பாய், வித்துடலாம்” என்றான்.

கரையில் உட்கார்ந்திருந்த சரோஜாதான் சொன்னாள்: “அவரு காலப் பாருங்க. எப்பவும் லீவரு மேலயேதான் இருக்குது. சோறு திங்கறப்பகூட அந்தக் கால ஆட்டிக்கிட்டேதான் இருப்பாரு.”

தக்காளிக் கூடைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குண்டும் குழியுமான வண்டிப்பாதையில் போகிறவர்கள் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. எந்தக் குழியில் எந்த கியர் தேவைப்படுமோ என்று பாதத்தை லீவரிலேயே வைத்திருப்பார்கள். கால் தொட்டபடியே இருந்தால் சுவிட்ச்சும் இழுபட்டபடியே இருக்கும். இன்ஜின் பாவம், என்ன செய்யும்?

காலைத் திருத்த எனக்கு நம்பிக்கையில்லை. சுவிட்சைத் திருத்தினேன். அதிலிருந்த மெல்லிய ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு சைக்கிள் ஸ்டாண்டு ஸ்பிரிங்கை வெட்டிப் போட்டேன். இப்போது கால் சும்மா கிடந்தால் ஒன்றும் ஆகாது. வேண்டுமென்றே தட்டினால்தான் வேலை செய்யும். அன்று சாயங்காலம் ஏரியைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஒவ்வொரு கியருக்கும் சைலன்சர் சத்தம் ‘டப்’பென்று ஒரு கணம் அறுந்து மறுபடி ஒட்டும். ரேஸ் வரும்வரை தினமும் ஓட்டினான். அறுவடை வேலையைக்கூட சரோஜா தலையில் கட்டிவிட்டு ஓட்டினான்.

4. கழட்டுங்க

ரேஸ் அன்று வண்டிகளைச் சோதிக்க சேலத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். முதலில் முனிராஜின் கையைப் பார்த்தார். கிளட்ச் பிடித்துக் காட்டச் சொன்னார், காட்டினான். பிறகு ஒயரைப் பார்த்தார்.

“இது என்னன்னுதானே பாக்கறீங்க சார்?” என்று அவர் கேட்கும் முன் நானே முந்திக்கொண்டேன். “பிரேக் லைட் சுவிட்ச். பிரேக் பக்கம் இருந்தா தப்பில்ல, கியர் பக்கம் இருந்தா தப்புங்களா?”

அவர் சிரிக்கவில்லை. இன்ஜினை நிறுத்துகிற சுவிட்ச் ஹேண்டில்பாரில் மட்டும்தான் இருக்கலாம், விதி அப்படி என்றார். அவர்மேல் தப்பில்லை. ஆனால் விரலும் இல்லை, சுவிட்ச்சும் இல்லை என்றால் அவன் எதை வைத்து ஓட்டுவான்? வா, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

முனிராஜ் சரோஜாவை ஒரு தடவை பார்த்தான். “கழட்டுங்க பாய்” என்றான்.

கழற்றினேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கொடி விழுந்ததும் புழுதி கிளம்பி ஒன்றுமே தெரியவில்லை. கண்ணால் பயனில்லை என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கூட்டத்தில் அவன் வண்டிச் சத்தம் எனக்குத் தனியாகத் தெரியும். முதல் கியர் கத்தி உச்சிக்குப் போனது. பிறகு ‘டப்’. அதே அறுப்பு. அதே அளவு. இரண்டாவது விழுந்தது. மறுபடி ‘டப்’, மூன்றாவது.

சுவிட்ச் என் சட்டைப் பையில் இருக்கிறது. பின் யார் கரண்ட்டை நிறுத்துகிறார்கள்?

யாரும் நிறுத்தவில்லை என்பது சத்தத்திலேயே புரிந்தது. கால் தட்டுகிற அதே கணத்தில் வலது கை ஆக்ஸிலேட்டரை ஒரு மயிரிழை மூடித் திறக்கிறது. இன்ஜின் பிடி தளர அது போதும். இத்தனை நாள் சுவிட்ச் செய்ததைக் கேட்டுக் கேட்டு, எவ்வளவு நேரம், எந்த இடத்தில் என்பது அவன் உடம்பில் ஏறியிருந்தது. பக்கத்தில் சரோஜா என் முழங்கையை இறுகப் பிடித்திருந்தாள். அவளுக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

மூன்றாவதாக வந்தான். இரண்டு கையும் முழுசாக இருந்த பலர் அவனுக்குப் பின்னால் வந்தார்கள். எனக்கு அழுகை வந்தது, புழுதி என்று சொல்லிச் சமாளித்தேன்.

5. திரும்ப மாட்டியது

இரண்டு நாள் கழித்து முனிராஜ் தானே வண்டியை ஓட்டிக்கொண்டு கடைக்கு வந்தான். பின்னால் சரோஜா. அந்த சுவிட்சைத் திரும்ப மாட்டச் சொன்னான். எனக்குப் புரியவில்லை. அது இல்லாமலேயே ரேஸ் ஓட்டியவனுக்கு இனி அது எதற்கு என்று கேட்டேன்.

“ரேஸ் அன்னிக்கு ஒரு நாளு, எப்படியோ ஓட்டிட்டேனுங்க. தக்காளி லோடுக்கு வருசம் பூராவும் கியர் போடணுமில்லீங்க” என்றான்.

மாட்டிக் கொடுத்தேன். அந்த வண்டி பல வருஷம் பாலக்கோடு மார்க்கெட்டுக்கு அந்த சுவிட்சோடுதான் போய் வந்தது. விற்கிற பேச்சை அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

இப்போது தொழிலுக்கு வருகிற தம்பிகள் சிலர் எலக்ட்ரானிக்ஸ் வந்து ஓட்டுகிறவன் திறமையே போச்சு என்கிறார்கள். சிலர் எலக்ட்ரானிக்ஸ் இருந்தால் போதும் என்கிறார்கள். இரண்டு பேரிடமும் நான் சண்டைக்குப் போவேன். சுவிட்ச் இல்லாமல் முனிராஜ் அதைக் கற்றிருக்க மாட்டான். கற்ற பிறகு சுவிட்ச் இல்லாமலும் ஓட்டினான். ஒரு வண்டிக்கு ஒயர் இழுக்கும் முன் அதை ஓட்டுகிறவனின் கையைப் பாருங்கள், காலைப் பாருங்கள். அவன் வீட்டு ஆள் பக்கத்தில் இருந்தால் ஸ்டூல் போட்டு உட்காரச் சொல்லி, அவர் சொல்வதையும் கேளுங்கள்.