எண்ணெய் போடாத ஸ்பிரிங்

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் டாக்டர் என்பார்கள். வீட்டில் கணவருக்கு அவள் மண்ணாங்கட்டி. திட்டுவதற்கு வைத்த பேர் இல்லை, சத்தியமாக! கல்யாணமான புதிதில், “உனக்கு என்னதான் வேலை?” என்று அவர் கேட்டார். “மண்ணுல இருக்கிற பாக்டீரியாவுக்கு வேலை கொடுக்கிற வேலை” என்றாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்டது அந்தப் பேர்.

அவள் சொன்னதில் பொய்யில்லை. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு உதவும் ஒரு நொதியின் மரபணுவை மண் பாக்டீரியாவுக்குள் வைத்திருந்தாள். அது தன் பாட்டுக்கு நொதியைச் செய்து, தான் மிதக்கும் சத்துநீரிலேயே வெளியே விட்டுவிடும். ஊரே தலையில் தூக்கிவைத்து ஆடுகிற குடல் பாக்டீரியாவுக்கு அந்தத் தாராளம் வராது, உடைத்துத்தான் எடுக்க வேண்டும். ஆனால் இவள் செல்லத்துக்கு ஒரு கெட்ட பழக்கம். குடுவையில் உருண்டை உருண்டையாகக் கட்டிக்கொள்ளும். நடுவில் மாட்டியவை காற்றில்லாமல் வாடிப்போகும். நொதி பேருக்குத்தான் வரும்.

“இந்த மாசமும் வரலேன்னா விட்டுடலாம்மா. எல்லாரையும் மாதிரி குடல் பாக்டீரியாவுக்கே போயிடலாம்” என்றார் ஆய்வுக்கூடத் தலைவர். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வருஷக்கணக்கில் பொத்திப் பொத்தி வளர்த்ததைக் கொட்டிவிடுவதா?

கட்டியை உடைக்க, குடுவையின் அடியில் கம்பிச் சுருளை வளைத்துப் போட்டுக் குலுக்குவார்கள். கடையில் வாங்கியது முரடு. கட்டியோடு பாக்டீரியாவையும் கிழித்துவிட்டது. கணவருக்கு ஸ்பிரிங் சுற்றுவதுதான் தொழில். இத்தனை நாள் அது ஏன் தோன்றவில்லையோ!

“மெத்துன்னு வேணுங்க. கட்டி உடையணும், உள்ளே இருக்கிறதுக்குக் காயம் படக் கூடாது.”

“அடேயப்பா! எனக்காக ஒரு நாள் இப்படிப் பரிஞ்சு பேசியிருக்கியா நீ?”

முணுமுணுத்தாலும், துருப்பிடிக்காத மெல்லிய கம்பியில் ஆசை ஆசையாகச் சுற்றிக் கொடுத்தார். அவள் சோப்புப் போட்டுக் கழுவி, குடுவைகளில் இட்டு, நீராவியில் வேகவைத்து, பாக்டீரியாவை விட்டாள். காலையில் போய்ப் பார்த்தால் மேலே எண்ணெய்ப் படலம் மினுங்குகிறது. ஒன்றுகூட வளரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தாள். “ஸ்பிரிங்குல எண்ணெய் போட்டீங்களா?”

“ஆமா. போடாம எப்படிக் கொடுப்பேன்?”

“அது துருப்பிடிக்காத கம்பிதானே!”

“தெரியும்டி. கை தானாப் போயிடுச்சு. என் கையை விட்டுப் போற எதுவும் துருப்பிடிச்சதா இருக்கக் கூடாது. அதுவும் உனக்குக் கொடுக்கிறது...”

அவருக்குக் குரல் இறங்கிவிட்டது. அவளுக்கும் தெரியும், தப்பு தன்மேலும்தான். சுருளுக்குள் பதுங்கிய எண்ணெய் சோப்புக்கு மசியாது என்று படித்தவளுக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? இருந்தாலும் அன்றைக்கு அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மாதம் முடிவதற்குள் இன்னும் ஒரே ஒரு முறை வளர்க்கலாம். மறுநாள் ஆய்வுக்கூட வாசலில் கணவர் நின்றார். வெள்ளைத் துணியில் புது ஸ்பிரிங்குகள்.

“எண்ணெய் டப்பாவைப் பக்கத்து வீட்டுல கொடுத்துட்டுத்தான் சுத்த உட்கார்ந்தேன். கையுறை போட்டுக்கிட்டேன். இதையாவது நம்பு.”

அவளுக்கு அழுகை முட்டியது. சிரித்துச் சமாளித்தாள்.

இந்த முறை குடுவையில் கட்டியே இல்லை. கஞ்சி மாதிரி ஒரே சீராக இருந்தது. சத்துநீரைச் சோதித்து எடுத்த படத்தில், நொதி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக, தடிமனாக ஒரு பட்டை. அத்தனையும் நொதி! தலைவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி பார்த்தார். “குடல் பாக்டீரியா பேச்சை இனி எடுக்க மாட்டேம்மா. போதுமா?” என்றார்.

சாயங்காலம் அவள், வளைந்துபோன ஒரு ஸ்பிரிங்கைச் சுத்தம் செய்து வீட்டுக்கு எடுத்து வந்தாள். கணவர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். கை தானாக அலமாரியில் எண்ணெய் டப்பா இருந்த இடத்துக்குப் போயிற்று. சூடு பட்டதுபோல வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

அவள் பக்கத்து வீட்டுக்குப் போய் டப்பாவை வாங்கி வந்து அவர் முன்னால் வைத்தாள்.

“இப்போ போடுங்க. இது நமக்கு.”