பாறைக்குப் பூசிய சுண்ணாம்பு

அக்காளின் சுண்ணாம்பு டப்பா இப்போது என் மேசைமேல் இருக்கிறது. தகர மூடி, ஓரமெல்லாம் துரு. நான் வெற்றிலை போடுவதில்லை. ஆனாலும் அதில் சுண்ணாம்பு தீரவிடுவதில்லை. மலேசியாவில் பாலோ என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் கல்லையும் மண்ணையும் பற்றிப் பாடம் நடத்துகிற நாளில் அதைக் கையோடு எடுத்துப் போவேன்.

நான் சிறுவனாக இருந்தபோது ரப்பர் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பின்சரிவில் ஒரு பெரிய கருங்கல் பாறை நின்றது. அதன் வெடிப்பில் ஆலங்கன்று முளைத்து மரமாகியிருந்தது. மஞ்சள் துணி சுற்றிக் கும்பிட்டு வந்தோம். வெயிலில் காய்ந்த கல்மேல் மாலை மழை கொட்டிக் கொட்டி, அதன் மேல்தோல் தகடு தகடாக உரிந்து விழும். இலைச்சருகின் புளிப்போடு வெடிப்புக்குள் இறங்கிய தண்ணீர் உள்கல்லைக் களிமண்ணாக்கிக்கொண்டிருந்தது. வேர் ஆப்புபோல் பருத்துக்கொண்டிருந்தது. இதெல்லாம் நான் பின்னால் படித்தது. அக்காளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: முன்பு விரல் நுழையாத வெடிப்பில் இப்போது அவள் கை நுழைந்தது. பாறைக்கு நேர் கீழே, கடைசி வீட்டில், அவளுடைய குழந்தை தொட்டிலில் தூங்கியது.

பால் எடுக்க மரம் சீவிவிட்டு வந்த ஒரு மதியம், வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பை, வெடிப்பு கோடாக ஒடுங்கும் இடத்தில், குறுக்கே பட்டையாக இழுத்துப் பூசினாள். லயமே சிரித்தது.

“பாறைக்கும் வெத்தல மடிச்சுக் குடுக்குறியா புள்ள?” என்றார் வேலையை மேற்பார்க்கும் கங்காணி.

“அது வாயத் தொறக்குதான்னு பாக்குறேங்க. சுண்ணாம்பு விரிஞ்சா கீழ இருக்க நாலு வீட்டையும் மாத்திக் குடுங்க. விரியலன்னா இனிமே நான் கேக்க மாட்டேன்.”

அவரும் சிரித்துக்கொண்டே சரி என்றார். சாமி குடியிருக்கிற கல்லைச் சந்தேகப்படுகிறாளே என்று மற்றவர்கள் முகம் சுளித்தார்கள், அத்தான் உட்பட.

சில வாரங்களில் பட்டையின் நடுவே மயிரிழைபோல் ஒரு கோடு தெரிந்தது. மழையில் கரைந்திருக்கும் என்று கங்காணி தட்டிக்கழித்தார். அக்காள் சண்டைக்குப் போகவில்லை. மழை படாத அடிப்பக்கத்தில் மறுபடி பூசினாள். அதுவும் விரிந்தது. இந்த முறை கங்காணி தாமே குனிந்து அந்தக் கோட்டை நகத்தால் தடவிப் பார்த்தார். பிறகு, “சாமான எடுங்க,” என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

ஆண்டுக் கடைசி அடைமழையில் பாறை பிளந்து பாதி கீழே இறங்கியது. கடைசி வீடு இருந்த இடத்தில் கல்தான் கிடந்தது. அக்காள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்று பார்த்தாள். “தொறந்துட்டுது,” என்றாள். அவ்வளவுதான்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்குப் போனவன் நான். ஆனால் ஒன்றைச் சோதித்துப் பார்த்துவிட்டுப் பேசத் தொடங்கியவள் அக்காள். இதை என் வகுப்பில் உரக்கவே சொல்லுவேன். அந்தத் தொட்டில் குழந்தை இப்போது அங்கே முதல் பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்கிறாள். நேற்றுப் பாடத்தின்போது டப்பாவை அவளிடம்தான் கொடுத்தேன். அது திரும்பி வந்தபோது மூடி சரியாக மூடப்படவில்லை. பள்ளிச் சுவர் வெடிப்பின் குறுக்கே, ஈரம் காயாத ஒரு வெள்ளைப் பட்டை.