பூவில் பேசிய தர்மம்

ஆதாரம் எழுதிப் பிழைக்கிறவனிடம் இரண்டு வகை ஆட்கள் வருவார்கள்: கொடுக்க மனமில்லாமல் எழுதுகிறவர்கள், எழுதிவிட்டுக் கொடுக்காதவர்கள். ரிஜிஸ்தர் ஆபீஸ் வராந்தாவில் ஒரு கையெழுத்துக்காக நாள் முழுக்கக் கால் கடுக்க நின்ற புண்ணியவான்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். கொல்லங்கோட்டில் அந்த வராந்தாத் தூணோரம் முப்பது வருஷம் பலகை போட்டு உட்கார்ந்தவன் நான். பத்திரத்துக்கு எங்கள் பக்கம் ஆதாரம் என்று பெயர். என் கைராசி அப்படி, என்னிடம் உயில் எழுதிக்கொண்டவர் ஒருவர்கூடப் பத்து வருஷத்துக்குள் செத்ததில்லை. அதனால் வாரிசுகள் என்னைக் கண்டால் ரோட்டின் மறுபக்கம் போய்விடுவார்கள்.

முன்பணம்

முதலமடை நாச்சிமுத்து முதலாளி என்னிடம் வந்தது, எங்கள் ஊர் மதராஸிலா கேரளத்திலா என்று தபால்காரருக்கே குழப்பமாயிருந்த வருஷம். கண்ணுக்கெட்டும் தூரம் மாந்தோப்பு அவருக்கு. பிள்ளை கிடையாது. அக்கா மகன்கள் மூன்று பேர். இவர் தும்மினால்கூட நம்பிக்கையோடு ஓடி வருவார்கள். அவர்களுக்குப் பாடம் கற்பிக்க வேண்டுமாம். தோப்பின் தென்மூலையில் கிணறும், ஓட்டுச்சாளை என்று சொல்கிற ஓட்டு வீடுமாக இருந்த இரண்டு ஏக்கரை, கொல்லங்கோட்டு அங்கஹீனர் இல்லத்துக்கு உயில் எழுதச் சொன்னார். கண், காது, கை, கால் இவற்றில் ஏதாவது ஒன்று பழுதான பதினாலு பேர் சேர்ந்து நடத்தி வந்த இடம் அது. அங்கஹீனர் என்பது அந்தக் காலத்துச் சர்க்கார் வார்த்தை. முதலாளி அதை வெல்லக்கட்டி போல நாக்கில் உருட்டுவார்.

மாங்காய் வியாபாரத்தில், மரம் பூத்ததுமே காய்ப்புக்கு விலை பேசி முன்பணம் வாங்கிவிடுவார்கள். காய் பிடித்ததா, காற்றில் உதிர்ந்ததா என்பதெல்லாம் வாங்கினவன் தலையெழுத்து. முதலாளி தர்மத்தையும் அப்படியே பேசினார். நிலம் அவர் போன பிறகு. மாலை, மேளம், வாசலில் வளைவு, கல்லில் பெயர் எல்லாம் இப்போதே. "நிலம் பின்னால, பேர் முன்னாலயா?" என்றேன். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

"ஏனுங்க ரைட்டரே, பூவுலயே அட்வான்சு வாங்காம எவனாச்சும் தோப்பு வெச்சிருப்பானுங்களா?"

தரம் பிரித்தல்

கையெழுத்துப் போடுமுன் சரக்கைப் பார்க்கவேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு இல்லத்துக்குப் போனார். அது இல்லமல்ல, மாங்காய் அடைக்கும் கொட்டகை. வேறொருவரிடம் வாடகைக்கு இருந்தார்கள். அதை நடத்தியவர் இசக்கி. பீர்மேட்டில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர். விறகு லாரி புரண்டு ஒரு கால் போனதும், தோட்டத்துக் கணக்கில் பேரை வெட்டி, கூலிகளுக்குக் கொடுக்கிற லயன் வீட்டையும் பிடுங்கிக்கொண்டு இறக்கிவிட்டார்கள். மலையிறங்கி வந்தவர் தன்னைப் போன்றவர்களைச் சேர்த்துக்கொண்டு மாங்கூடை முடைந்து பிழைத்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் போன நேரம், கண் தெரியாத ஒருவர் முதலாளியைப் போலவே செருமிக் காட்ட, மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி முகம் புளித்துவிட்டது. மாங்காயை அமுக்கிப் பார்ப்பதுபோல ஒவ்வொருவர் தோளையும் அமுக்கிப் பார்த்தார். பிறகு இசக்கியைத் தனியே கூப்பிட்டு, "இவிங்க இப்பிடிச் சிரிச்சா தர்மம் பண்றவனுக்கு மனசு எப்பிடீங்க எளகும்? கொஞ்சம் வாடியிருக்கச் சொல்லுங்க" என்றார். இசக்கி கட்டைக்காலைத் தட்டிக்கொண்டே, மிக மரியாதையாகச் சொன்னார்:

"மாங்கா அடைக்கணும்னு பங்குனி ஒண்ணாந் தேதி கொட்டகைக்காரவுக எங்களை வெளியேறச் சொல்லியிருக்காக, முதலாளி. அன்னைக்கி வாங்க, வேணுங்கிற அளவுக்கு வாடியிருப்போம்."

ஏழாவது உயில்

அந்த உயிலை நான் ஏழு தடவை எழுதினேன். ரோஜா மாலை கேட்டதற்குச் செவ்வந்தி வந்ததென்று ஒருமுறை கிழித்தார். பாராட்டுரையில் 'கொடைவள்ளல்' ஒரே ஒரு தடவைதான் வந்தது என்று இன்னொருமுறை. ஆறாவதைக் கிழித்த காரணம் அவருக்கே ஞாபகமில்லை. மை உலருமுன் மனம் மாறிவிடும். ஒவ்வொரு தடவையும் இல்லத்தார் கூடை முடைகிற வேலையை விட்டுவிட்டு மாலையும் மேளமுமாக ஓடினார்கள். மார்கழி போயிற்று, மரங்களெல்லாம் பூத்துக் குலுங்கின. பங்குனிக்கு இருந்தது இரண்டே மாதம்.

ஒருநாள் இசக்கி என் பலகையோரம் வந்து உட்கார்ந்தார். "உயிலை எதுவரைக்கும் மாத்தலாம், ரைட்டரய்யா?" மூச்சு இருக்கிறவரை மாற்றலாம் என்றேன். மாற்ற முடியாதது எது என்றார். இஷ்டதானம் என்றேன். உயிரோடு இருக்கும்போதே கொடுத்துப் பதிவு செய்துவிடுவது. அவ்வளவு லேசில் திருப்ப முடியாது. என் கைராசியையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். மனிதர் கட்டைக்காலை நீட்டிவைத்துக்கொண்டு கேட்டார்:

"செத்தாத்தான் வீடுன்னா, நாங்க யாரு சாவை வேண்டிக்கிடுதது? அவரு சாவையா, எங்க சாவையா?"

தாசில்தார் இழுத்த திரை

தைப்பூசத்தன்று கல் திறப்பு என்று முதலாளியே நாள் குறித்தார். தாசில்தாரையும் அழைத்துவிட்டார். கல்லை வெட்டியவர் இல்லத்திலேயே இருந்த ஆறுமுகம்; பாறை வெடியில் காது போன கல்தச்சர். 'தர்மசீலர் நாச்சிமுத்து அவர்கள் தந்த நிலம்' என்று வெட்டச் சொல்லி முதலாளி சீட்டுக் கொடுத்திருந்தார். அந்தச் சீட்டோடு இசக்கி என்னிடம் வந்து, இது சட்டப்படி சரியா என்று கேட்டார். 'தந்த' என்பது தப்பு, இன்னும் தரவில்லையே என்றேன். நான் சொன்னது முழுக்கச் சட்டம். சொல்லும்போது கண்ணடித்தது மட்டும்தான் சொந்தச் சரக்கு.

மேளம் கொட்டியது. தாசில்தார் திரையை இழுத்தார். 'அமரர் நாச்சிமுத்து அவர்கள் நினைவாக' என்று முத்துமுத்தான எழுத்து. கூட்டத்தில் ஒரு கிழவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். நாயனக்காரர், சத்தியமாகச் சொல்கிறேன், கல்யாணியை நிறுத்திவிட்டு முகாரிக்குப் போய்விட்டார். பின்வரிசையில் நின்ற, அக்கா மகன்களில் மூத்தவனுக்கு எழுத்து மட்டும்தான் தெரிந்தது, மாமன் தெரியவில்லை, "மாமா!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழவே தொடங்கிவிட்டான். கண்ணீர் வந்ததா என்று நானே கிட்டப் போய்ப் பார்த்தேன், வரவில்லை.

முதலாளி ஆறுமுகத்தைப் பார்த்து, "அதைச் செதுக்கி எறிடா!" என்று கத்தினார். ஆறுமுகம் பாராட்டு என்று நினைத்தாரோ என்னவோ, உளியை நெஞ்சோடு சேர்த்துக் கும்பிட்டு நின்றார். தாசில்தார் தொப்பிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருமினார். இசக்கி மட்டும் நிதானமாக முன்னால் வந்தார்.

"கோவப்படாதீக முதலாளி. உயில்படி நிலம் தரப்போறது நீங்க இல்ல, காலஞ்சென்ற நீங்க. அப்ப அவரு பேரைத்தானே வெட்ட முடியும்?"

மறுபக்கம்

மறுநாள் நான் போவதற்கு முன்பே முதலாளி என் பலகையில் உட்கார்ந்திருந்தார். ராத்திரி தூக்கமில்லையாம். இரண்டு பேர் துக்கம் கேட்க வந்துவிட்டார்களாம்; அதில் ஒருவர் அவரையே பிடித்துக்கொண்டு, "நல்ல மனுஷருங்க, என்ன வியாதி?" என்று விசாரித்தாராம். கல்லிலிருந்து அமரரை எடுக்க வழியுண்டா என்றார். ஒரே வழிதான் என்று சொல்லி இஷ்டதானத்துக்கு முத்திரைக் காகிதம் எடுத்தேன். மனம் மாறுமுன் முடிக்கவேண்டுமென்று நான் அன்று எழுதிய வேகத்தில் பேனா புகைந்தது. சப்-ரிஜிஸ்ட்ரார் வாசித்துக் காட்டி, "மனப்பூர்வமாகத்தானே கொடுக்கிறீர்?" என்று கேட்டபோது முதலாளி, "உசுரோட கொடுக்கறனுங்க, அதை முதல்ல எழுதிக்குங்க" என்றார்.

பங்குனி பிறக்க எட்டு நாள் இருக்கும்போது, பதினாலு பேரும் கூடை, பாய், பானையோடு இரண்டு வண்டிகளில் ஓட்டுச்சாளைக்குக் குடிபோனார்கள். ஆறுமுகம் கல்லைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தில் 'தர்மசீலர் தந்த நிலம்' என்று வெட்டி வாசலில் நட்டார். முதலாளி மாலையோடு அதை ஒருமுறை சுற்றி வந்தார். சுவரைப் பார்த்த பின்பக்கத்தில் அமரர் அப்படியே இருந்தார். அதையும் செதுக்கிவிடக் கூடாதா என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். இசக்கி அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்காரவைத்தார்.

"இருக்கட்டும் முதலாளி, நல்ல கல்லை எதுக்கு வீணாக்க? உங்க நேரம் வரும்போது திருப்பி வச்சுக்கிடுதோம்."

முப்பது வருஷத்தில் நான் எழுதிய தர்ம ஆதாரங்களில், பயத்தில் எழுதியதையும் பகையில் எழுதியதையும் கழித்துவிட்டால், மிச்சம் என் மூக்குப்பொடி டப்பியில் அடங்கிவிடும்.