சாம்பல் நிற பேட்ஜ்

சட்டையின் இடப்பக்கம் 'தலைமைச் செவிலியர்' என்ற பேட்ஜை மாட்டிக்கொண்டு, கையில் டீ கிளாசுடன் கண்ணாடி முன் நின்று இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்க்கிறார் பேட்ஜ்காரர். அந்த மீசையும் தொப்பையுமாக ஒரு செவிலியர் வந்து நின்றால் நோயாளி எழுந்து ஓடிவிடுவான். நான் சிரித்தால் கோபம் வரும். "சிரிக்காத தம்பி. மேசை மேல எல்லா பேட்ஜும் நேராத்தான் தெரியும். சட்டையில ஏறினாத்தான் கோணல் தெரியும்" என்பார். காலையில் செவிலியர், பதினொரு மணிக்கு வங்கிக் காசாளர், மதியத்துக்கு மேல் ஏதோ ஓட்டலின் வரவேற்பாளர். ஒருநாள் 'பரிசோதகர்' என்று மாட்டியதைக் கழற்ற மறந்து பஸ்ஸில் ஏறியிருக்கிறார். டிக்கெட் எடுக்காத இரண்டு பேர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார்களாம்.

மாடிப்படிக்குக் கீழே அவருடைய பேட்ஜ் கடை. ஒரு லேசர் இயந்திரம், ஒரு மேசை, இரண்டு ஸ்டூல், எந்நேரமும் பிளாஸ்டிக் கருகிய வாடை. மாடியில் அச்சுப் பிழை திருத்திப் பிழைக்கிறவன் நான். பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்க என்னைக் கூப்பிடுவார். கூலி ஒரு டீ.

ஆர்டர் கொடுக்க வருகிறவர்களிடம் அவர் முதலில் கேட்பது, "நெஞ்சுல மெஷின் வச்சவங்க யாராச்சும் இருக்காங்களா?" பின்பக்கம் காந்தம் வைத்த பேட்ஜ் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு ஆகாது, ஊசிதான் வைக்க வேண்டும். அடுத்து சண்டை. கம்பெனிக்காரர்கள் தங்கள் சின்னத்தைப் பெரிதாகப் போடச் சொல்வார்கள். இவர் மனிதரின் பெயரைத்தான் பெரிதாகப் போடுவேன் என்பார். "உங்க கம்பெனிக்கு வாசல்ல அவ்ளோ பெரிய போர்டு இருக்கு சார். இந்தாளுக்கு இந்த மூணு இஞ்ச்தான் இருக்கு." இதனால் கைவிட்டுப் போன ஆர்டர்கள் உண்டு. மனிதர் அசையமாட்டார்.

அவருடைய மனைவிக்கு, எனக்கு அண்ணி, பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர் வேலை. படுக்கை விரிப்பு மாற்றுவது, நோயாளிகளைத் துடைத்துவிடுவது, சக்கர நாற்காலி தள்ளுவது. அந்த ஆஸ்பத்திரியில் ஆண்டுதோறும் விழா வைத்து, நெடுநாள் வேலை பார்த்தவர்களுக்கு பேட்ஜ் மாட்டிவிடுவார்கள். இருபத்தைந்து வருடம் என்றால் தங்க நிறம். செய்து கொடுப்பவர் நம் பேட்ஜ்காரர்தான். விழாவுக்கு முந்தின நாள் அண்ணி டியூட்டி முடிந்து நேராகக் கடைக்கு வந்து, காந்தம் மாட்டிப் பெட்டியில் வைத்துக் கொடுப்பார்.

இந்த வருடம் அண்ணிக்கே இருபத்தைந்து. பட்டியல் வரும்வரை பேட்ஜ்காரருக்குப் பொறுக்குமா? முதல் பேட்ஜே மனைவிக்குத்தான் வெட்டினார். மூன்று வெட்டித் தூக்கிப் போட்டார், நான்காவதுதான் மனசுக்குப் பிடித்தது. காந்தமும் மாட்டி, அண்ணி கண்ணில் படாமல் இழுப்பறையில் ஒளித்து வைத்தார். அண்ணி மேடை ஏற வழுக்காத செருப்பு வாங்கினார். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் லீவு சொல்லிவிட்டான்.

போன திங்கட்கிழமை பட்டியல் வந்தது. இருபத்தைந்து வருடத்தின் கீழே பதினொரு பெயர்கள். அண்ணி பெயர் இல்லை. நான் இரண்டு தடவை பார்த்தேன், அவர் நாலு தடவை பார்த்தார். ஆஸ்பத்திரி அலுவலகத்துக்கு போன் போட்டார். வார்டு உதவியாளர்களை ஒன்பது வருடத்துக்கு முன்பே காண்டிராக்டுக்கு மாற்றியாகிவிட்டது, அவர்கள் எங்கள் ஊழியர்களே அல்ல என்று ஒரு பெண் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள்.

"நேர்ல போய்க் கேளுங்கண்ணே! அதே வார்டு, அதே கட்டில்! யார் வீட்டு ஆளாம் இவங்க?" என்று கத்தினேன்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். இதுவரை செய்த ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரி எடுத்துச் சுவர்ப் பலகையில் மாட்டி வைத்திருக்கிறார். அதிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒன்றைக் கழற்றி என் முன் வைத்தார்.

"இதை வெட்டினதே நான்தான் தம்பி. ஒம்பது வருஷம் முன்ன வார்டு ஆளுங்களோட பழைய நீல பேட்ஜை வாங்கிக்கிட்டு அறுபது சாம்பல் கேட்டாங்க. காண்டிராக்டர் பேரை மேல போடச் சொன்னாங்க, போட்டேன். பெரிய ஆர்டராச்சேன்னு ஒரே சந்தோஷம். அவளுக்கு நானே மாட்டி விட்டேன். 'கலர்தான் மாறுது, நீ மாறலியே'ன்னு கிண்டல் வேற பண்ணேன்."

நான் மாடிக்குப் போய்விட்டேன். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை, அவர் அழவும் இல்லை. அதன் பிறகு நாலு நாள் பட்டியலைப் பற்றி வீட்டில் வாய் திறக்கவில்லை. சோறு இறங்கவில்லை, வயிறு சரியில்லை என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார்.

நேற்று சாயங்காலம் நானும் கடையில் இருந்தபோது அண்ணி வந்தார். பெட்டிகளை அடுக்கினார், பட்டியலை எடுத்தார். விரல் மேலிருந்து கீழே போனது, மறுபடி மேலே வந்தது.

"ஏங்க, இதான் முழு லிஸ்ட்டா?"

"இதான்மா" என்றவர், அதற்குமேல் முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சாம்பல் பேட்ஜையும் சொன்னார். "தெரியாமப் பண்ணிட்டேன்மா, என் கையாலயே பண்ணிட்டேன்" என்றார்.

அண்ணி பட்டியலை மேசைமேல் விரித்து வைத்தார். "நீங்க வெட்டலைன்னா வேற எவனாச்சும் வெட்டியிருப்பான். விடுங்க" என்றார். பிறகு ஒரு பெயரைத் தொட்டார். "இந்த நர்சம்மாவும் நானும் ஒரே வாரத்துல சேர்ந்தோம். மொத நாள் ரத்தத்தைப் பார்த்துட்டு மயங்கி விழுந்துச்சு. நான்தான் தூக்கி உக்கார வச்சேன். நல்ல பொண்ணு." சற்றுக் கழித்து, "பையன்கிட்ட வர வேணாம்னு சொல்லிருங்க" என்றார்.

வேலையை விடவில்லை. துடைத்து, காந்தம் மாட்டி, பெட்டியில் வைத்து, அடுத்தது. பதினொன்றாவது அந்த நர்சம்மாவுடையது. அதற்குக் காந்தம் இல்லை. ஆஸ்பத்திரி முன்கூட்டியே சொன்ன எண்ணிக்கைக்குக் கணக்காகப் பதினொன்றுதான் வாங்கியிருந்தார், அதில் ஒன்று இழுப்பறையில் இருந்த பேட்ஜில் ஏறியிருந்தது.

"காலையில வாங்கிக்கலாம்மா" என்றார் பேட்ஜ்காரர் அவசரமாக.

"விழா ஒம்பதுக்கு. காந்தம் விக்கிற கடை திறக்கிறது பத்துக்கு."

அண்ணி கையை நீட்டினார். அவர் தயங்கி, இழுப்பறையைத் திறந்து, தங்க நிற பேட்ஜை எடுத்து அந்தக் கையில் வைத்தார். அண்ணி தன் பெயரை ஒருதரம் கட்டைவிரலால் தடவினார். "நல்லா பண்ணியிருக்கீங்க" என்றார். பிறகு அதன் பின்னாலிருந்த காந்தத்தைக் கழற்றி, நர்சம்மாவின் பேட்ஜில் மாட்டி, பெட்டியை மூடினார்.