எளப்புக்காரி

மூச்சு வாங்குவது வேறு, இளைப்பு வேறு. போடியில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். ஓடி வந்தவனுக்கு மூச்சு வாங்கும். ஒரு வாய் தண்ணீர் குடித்தால் அடங்கிவிடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடவென்று ஏறி இறங்கினால் அது இளைப்பு. எனக்கு அது இருந்தது. விருந்தாளிகள் முன்னால் அந்தச் சொல்லை யாரும் எடுக்க மாட்டார்கள். பெண்பிள்ளை, நாளைக்குக் கட்டிக்கொடுக்க வேண்டுமே! சித்தப்பாவுக்கு மட்டும் அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. ஒன்பது வயதில் எனக்கு அவர் வைத்த பெயர் எளப்புக்காரி.

ஏலக்காய் முதல் பழம் எடுக்கும்போது மலைத் தோட்டத்தில் சாமிக்குப் பொங்கல் வைப்போம். குரங்கணி வரை ஜீப்பு, அதற்கு மேல் நடை. அந்த வருஷம் நானும் வருவேன் என்று அழுது அடம்பிடித்தேன். எனக்குத் துணையாக அம்மாவும் கிளம்பினாள்.

குரங்கணியில் இறங்கியதும் சித்தப்பா, அரிசி ஏற்றிய பொதிக் கழுதையைக் காட்டினார்.

"எளப்புக்காரி, இது மேல ஏறிக்க ஆத்தா. பாதி வழியில ஒன்னைய யாரு தூக்குறது?"

எல்லோரும் சிரித்தார்கள். ஏறினால் அந்தப் பெயர் என் கல்யாணப் பத்திரிகை வரைக்கும் வந்துவிடும் என்று பயந்துபோனேன். "நான் நடந்தே வர்றேன்" என்றேன்.

சித்தப்பா விடுவிடுவென்று முன்னால் போனார். அம்மாவோ வளைவுக்கு வளைவு நின்றாள். செருப்பில் கல் என்றாள், சேலை தடுக்குது என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

"வெரசா வாம்மா!"

"இருடி, மலை எங்கயும் ஓடிப் போயிறாது."

அவள் நின்றபோதெல்லாம் என் நெஞ்சும் கொஞ்சம் அடங்கியது.

கடைசி ஏற்றத்தில் சித்தப்பா ஒரு பாறையில் சாய்ந்து, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பேச்சே வரவில்லை. விடுவேனா நான்?

"என்ன சித்தப்பா, எளப்பா? கழுதையக் கொண்டாரச் சொல்லவா?"

இந்த முறை கூட்டம் என் பக்கம் நின்று சிரித்தது. மேலே தோட்டத்தில் இருந்த சாமி கல்லை நான்தான் முதலில் தொட்டேன். அதன்பிறகு சித்தப்பா என்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

எனக்குப் பின்னால் வந்த அம்மா புல்லில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேச முடியாமல், கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். எனக்காகத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். அவளுக்கும் சிறுவயதிலிருந்தே இளைப்பு உண்டு, அதை மறைத்துத்தான் அப்பாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள், அதற்குப் பயந்தே வருஷா வருஷம் ஏதாவது சாக்குச் சொல்லி மலைக்கு வராமல் இருந்தாள் என்பதெல்லாம் வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. அன்று மலையை ஜெயித்தவர்கள் இரண்டு பேர். நான் எனக்கு மட்டும் கைதட்டிக்கொண்டிருந்தேன்.