சிரித்தால் விழுகிற கணக்கப்பிள்ளை

1. சிடுமூஞ்சி

இலங்கையில், பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் கணக்கப்பிள்ளையாகச் சேர்ந்த முதல் நாள். காலைப் பெரட்டில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். யார் எந்த மலையில் கொழுந்தெடுப்பது என்று வேலை பிரித்துக் கொடுப்பது என் பொறுப்பு. முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, "நான்தான் புதுக் கணக்கப்பிள்ள. பேரு செல்லையா. வேலையில வெளையாட்டு கூடாது" என்றேன். அவ்வளவுதான் அறிமுகம். அன்று மாலைக்குள், ஆட்கள் குடியிருக்கும் லயம் முழுக்க எனக்குச் சிடுமூஞ்சி என்று பேர் வைத்துவிட்டார்கள்.

உண்மையில் நான் சிரிப்புக்காரன். சிக்கலே அதுதான். இளவயதிலிருந்தே எனக்கு ஒரு கோளாறு. வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் தொய்ந்து, தலை தொங்கி, துணிமூட்டை மாதிரி சரிந்துவிடுவேன். நினைவு தப்பாது. சுற்றிப் பேசுவதெல்லாம் கேட்கும். வாயைத்தான் திறக்க முடியாது. சிரிப்பு அடங்கினால் தானாக எழுந்துவிடுவேன். பார்த்த டாக்டர்களில் ஒருவருக்கும் இது என்னவென்று தெரியவில்லை. யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர், "உமக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை தம்பி. நல்லாச் சாப்பிட்டு நித்திரை கொள்ளும்" என்று டானிக் எழுதிக் கொடுத்தார். டானிக் நன்றாக இனித்தது.

முந்தைய தோட்டத்தில் என்னைக் குடிகாரன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இங்கேயும் அப்படி ஆனால் அம்மாவையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு எங்கே போவது? அதனால்தான் சிரிப்பதே இல்லை என்று முடிவு கட்டியிருந்தேன்.

2. பெரட்டில் வந்த சாமி

சில வாரம் ஓடியது. ஒரு காலை, ஆட்களுக்குத் தலைவரான கங்காணி முனியாண்டி, பிந்தி வந்தவர்களை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார். "ஒழுங்குன்னா என்னான்னு என்னையப் பாத்துக் கத்துக்கங்க!" என்று அவர் முழங்கும்போது, பின்னால் வந்த ஆடு ஒன்று அவர் தோள் துண்டின் நுனியை நிதானமாக மென்றுகொண்டிருந்தது. அவர் இழுத்தார். ஆடும் இழுத்தது. நான் உதட்டைக் கடித்தேன், வானத்தைப் பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. பெரட்டுக்களத்திலேயே சரிந்தேன்.

"சாமி வந்துருச்சுடி! கற்பூரம் கொண்டாங்க!" என்று கத்தினாள் கொழுந்தெடுக்கும் ராக்காயி. நெற்றியெல்லாம் விபூதி அப்பினார்கள். "சாமி, எம் மகளுக்கு இந்த வருசமாச்சும் மாப்பிள அமையுமா?" என்று குறி கேட்டாள் ஒருத்தி. "இந்த மழ எப்ப சாமி விடும்?" என்றாள் இன்னொருத்தி. கங்காணியே கைகூப்பி, "அந்த ஆட்ட என்னா செய்யட்டும் சாமி?" என்றார். ஒவ்வொரு கேள்விக்கும் எனக்குள் சிரிப்புப் பொங்கியது. அப்புறம் எங்கே எழுந்திருப்பது!

அப்போது தோட்டத்து மானேஜரான பெரிய துரையின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. "என்னா இது? கணக்கப்பிள்ள குடிச்சிருக்கா?"

சிரிப்பு பட்டென்று நின்றுவிட்டது. தட்டுத்தடுமாறி எழுந்தேன்.

"வாய மோந்து பாத்துட்டேங்க தொரை. வெத்தல வாசந்தான் வருது" என்றாள் ராக்காயி.

சாமி வந்தது என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். வாய்க்கு வந்ததோ உண்மைதான். "சாமியும் இல்ல, சாராயமும் இல்லங்க தொரை. சிரிச்சா விழுந்துருவேன். இதுக்கு என்னா பேருன்னு எந்த டாக்டருக்கும் தெரியல. வேலைக்குக் கொறை வைக்க மாட்டேன்."

துரை என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஆட்டைப் பார்த்தார். துண்டில் பாதி இன்னும் அதன் வாயில் இருந்தது. அவர் மீசை துடித்தது. "சரி. செங்குத்து மலைக்கு நீ போக வேணாம். கீழ் மலைய பாத்துக்க" என்று சொல்லி வண்டியைத் திருப்பினார்.

அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை எனக்கு. அப்புறம் மாறிப்போன தோட்டங்களில் எல்லாம் பெரட்டிலேயே, "பேரு செல்லையா. சிரிச்சா விழுவேன். தூக்காதீங்க, நானே எந்திரிச்சுருவேன்" என்று சொல்லிவிடுவேன். புதிதாக வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கும் அதையே சொல்கிறேன். நோய்க்குப் பேர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் பேரோடு சேர்த்து அதையும் சொல்லிவிடுங்கள்.

அம்மா முதல் அக்கம்பக்கம் வரை எல்லாரும் எனக்குச் சொன்ன யோசனை, சிரிக்காதே என்பதுதான். அந்தக் கீழ் மலைப் பெண்கள் மட்டும், கதை பேசிக்கொண்டே கொழுந்தெடுக்கையில், சிரிப்பான இடம் வரும் முன்பே நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பிக் கத்துவார்கள்:

"ஐயா, ஒக்காந்துக்கங்க!"